கம்சிகா வயலுக்குப் போட்ட குப்பை

1

எங்கள் வீட்டுக்குள் ஒரு திணைக்களம் இயங்குகிறது. அதன் பணிப்பாளர், பரிசோதகர், எச்சரிக்கைக் கடிதம் எழுதுபவர் எல்லாம் ஒரே ஆள்தான். பெயர் மீரா, வயது ஏழு, என்னுடைய மகள். நான் பல் தீட்டும்போது தண்ணீர் வீணாக ஓடினால் குளியலறை வாசலில் வந்து நிற்பாள். தயிர்க் கோப்பையின் மூடி ஒரு இடத்தில், கோப்பை இன்னோர் இடத்தில், கோப்பையைச் சுற்றியிருக்கும் கடதாசி மூன்றாவது இடத்தில் போகவேண்டும். ஒருநாள் வேலைக் களைப்பில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன். "அப்பா, பூமிக்குக் காய்ச்சல்" என்றாள். எனக்கும் காய்ச்சல்தான் பிள்ளை என்றேன். அது விசாரணையில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

நான் சுவிற்சர்லாந்துக்கு வந்து பத்தொன்பது வருடமாகிறது. ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. ஊரில் உள்ளவர்கள் போனில், "அங்க றோட்டில சோறு போட்டுச் சாப்பிடலாமாமே?" என்று கேட்பார்கள். சாப்பிடலாம். மிஞ்சிய சோற்றை எந்த வாளியில் போடுவது என்றுதான் யாரையாவது கேட்கவேண்டியிருக்கும். இங்கே குப்பைக்கென்று வரி கட்டிய பை இருக்கிறது. போத்தலை ஞாயிற்றுக்கிழமை போடக்கூடாது, உடையும் சத்தம் அயலவரின் ஓய்வைக் கெடுக்கும். வந்த புதிதில் இது தெரியாமல் கடையில் தந்த பையில் குப்பையைக் கட்டி வெளியே வைத்தேன். நகரசபை ஆள் அதைப் பிரித்து, உள்ளே என் பெயர் இருந்த கடிதவுறையைக் கண்டுபிடித்து, எனக்கே கடிதம் அனுப்பினார். அதுவரைக்கும் எந்த அரசாங்கமும் எனக்கு அவ்வளவு மரியாதையாகக் கடிதம் எழுதியதில்லை. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

மீராவின் வகுப்பு ஒவ்வொரு புதன்கிழமையும் காட்டுக்குப் போகும். மழையென்றாலும் பனியென்றாலும் போகும். அங்கே பிள்ளைகள் பட்டையைத் தடவுவார்கள், பாசியை முகர்வார்கள், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார்கள். இலை பிடுங்க முன்னர் மரத்திடம் அனுமதி கேட்கவேண்டுமாம்.

"மரம் என்ன சொன்னது?" என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னது."

"தமிழிலயோ?"

"இல்லை, ஜெர்மன்ல. உங்களுக்கு விளங்காது."

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து முத்தையன்கட்டுக் குளத்துக் குடியேற்றத்துக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர். மீராவின் வயதில் காட்டைப் பற்றி எனக்கு இருந்த ஒரே கொள்கை, அது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதுதான். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் கண்ணை மூடி நின்றிருந்தால் அவனுக்குக் காய்ச்சல் என்று நினைத்திருப்போம். இதை மீராவுக்குச் சொல்வதில்லை. தாத்தா காடு வெட்டினவர் என்று தெரியவந்தால் திணைக்களம் அவர்மேல் வழக்கு வைக்கும்.

2

வைகாசி மாதத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் இயற்கையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் ஆராயப் போகிறார்களாம். வெளிநாட்டில் உறவுக்காரப் பிள்ளைகள் இருந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை ஜெர்மனில் எழுதி அனுப்பவேண்டும். ஒரு போர்த்துக்கல் தாயும் ஒரு எரித்திரியாத் தகப்பனும் பெயர் கொடுத்திருந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னரே கொடுத்துவிட்டேன். பெற்றோர் கூட்டங்களில் பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்?

பதில் சொல்ல ஆள் தயாராக இருந்தாள். என் தங்கச்சி செல்வி முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட, ஒட்டுசுட்டானில், எங்கள் பழைய வீட்டு வளவிலேயே இருக்கிறாள். அவளுடைய புருசன் ரவி அப்பாவின் வயலைச் செய்கிறான். அவர்களின் மகள் கம்சிகாவுக்கும் ஏழு வயது. மீராவும் கம்சிகாவும் நேரில் கண்டதில்லை. ஆனால் ஒரு வருடமாக வட்ஸ்அப்பில் விழுந்த பல்லையும் முளைத்த பல்லையும் மாறி மாறிக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆடி மாத விடுமுறைக்கு மீராவை முதல்முறையாக அங்கே கூட்டிப்போவதென்று முடிவாகியிருந்தது. கம்சிகாவோடு ஒரே பாயில் படுப்பேன் என்று அவள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். வீட்டில் அவள் தமிழ் பேசுவது அந்தப் பிள்ளையின் புண்ணியத்தில்தான். எனக்காகவென்றால் அவ்வளவு பேசியிருக்கமாட்டாள்.

போன் எடுத்து முதல் கேள்வியைக் கேட்டேன். உங்கட வீட்டில குப்பையை என்ன செய்யிறனீங்கள்?

"வயலுக்குப் போடுறனாங்கள் மாமா" என்றாள் கம்சிகா. "அப்பா உழவு மெசின் பெட்டியில ஏத்திக்கொண்டு போய்க் கொட்டுறவர். நானும் ஓலைக் கடகத்தில கொஞ்சம் கொண்டுபோறனான்."

உனக்குப் பிடிச்ச காட்டு மிருகம் எது?

"ஒண்டுமில்லை."

"ஏன், யானை?"

"ஐயோ மாமா! அது போன மாசம் வந்து எங்கட வாழையெல்லாம் முறிச்சுப்போட்டுப் போட்டுது. அப்பா வெடி கொளுத்தித்தான் கலைச்சவர்."

காட்டில எப்பிடி நடக்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்தில என்ன சொல்லித் தந்தவை?

கம்சிகா எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவித்தாள். "தெரியாத சாமான் ஒண்டையும் தொடக்கூடாது. கிடந்த இடத்திலயே விட்டுட்டு, போன வழியால திரும்பி வந்து பெரியாக்களுக்குச் சொல்லவேணும்."

மிதிவெடிப் பாடம். சண்டை முடிந்து பல வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கும் அந்தப் பாடம் முடியவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகிற ரயிலில் வைத்து மூன்று பதிலையும் ஜெர்மனில் எழுதினேன். அகராதி பார்க்கவில்லை. குப்பை என்றால் அப்ஃபால் என்று எனக்குத் தெரியாதா? நகரசபை எனக்கு எழுதிய கடிதத்தில் நாலு இடத்தில் இருந்த சொல் அது.

3

இரண்டு கிழமை கழித்து மீரா பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். என்ன நடந்தது என்று என் மனைவி பவானி கேட்டாள்.  நானும் கேட்டேன். சாப்பாட்டு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியில் வந்தது.

வகுப்புச் சுவரில் எல்லா நாட்டுப் பிள்ளைகளின் படத்தையும் பதிலையும் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு எல்லாப் பிள்ளைகளின் கையிலும் ஒட்டுப்படம் கொடுத்திருக்கிறார்கள். இயற்கைக்கு நல்ல பதில் என்றால் பச்சை நட்சத்திரம், கூடாத பதில் என்றால் சாம்பல் நிற முகில். கம்சிகாவின் குப்பைப் பதிலைச் சுற்றி ஒரே முகில். யானைக்கு வெடி கொளுத்தியதற்கும் முகில். மூன்றாவது பதிலுக்கு மட்டும் நட்சத்திரம் குவிந்துவிட்டதாம். கெல்லர் ரீச்சர் அதை இரண்டுமுறை சத்தமாக வாசித்து, "பாருங்கள், நாங்கள் காட்டில் எல்லாவற்றையும் தொடுகிறோம். இவர்கள் எதையும் தொடாமல் கிடந்தபடி விடுகிறார்கள். எவ்வளவு மென்மையான உறவு" என்று சொன்னாராம்.

சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நீயும் முகில் ஒட்டினியோ?" என்றேன்.

 "எல்லாரும் ஒட்டினவை" என்றாள். பிறகு, "நான் அங்க வரேல்ல அப்பா. வயலில குப்பை. நீங்க போங்க, நான் அம்மாவோட நிக்கிறன்."

எனக்குக் கோபம் வந்தது. யாரில் கோபம் என்று தெரியாதபடியால் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நெடுநேரம் கழுவினேன். அன்றைக்குத் திணைக்களம் வாசலுக்கு வரவில்லை. பரணிலிருந்து இறக்கி வைத்திருந்த அவளுடைய சின்னப் பயணப்பெட்டியை மீரா தானே இழுத்துக்கொண்டு போய் அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. ஒரு பிள்ளையை ஒட்டுசுட்டானுக்குக் கூட்டிப்போக ஏழு வருடம் காத்திருந்தேன், அதைத் தடுக்க ஒரு ஒட்டுப்படம் போதுமாக இருந்தது.

இவ்வளவோடு நிற்கவில்லை. நல்ல மனம் படைத்த வகுப்பு அது. கம்சிகாவைத் திருத்துவதென்று முடிவெடுத்து எல்லோரும் சேர்ந்து கடிதம் எழுதி, நாலு நிறத்தில் வாளிகளும் கீறி, என்னிடம் மொழிபெயர்க்கக் கொடுத்துவிட்டார்கள். ரீச்சர் எனக்குத் தனியாக நன்றியும் எழுதியிருந்தார்.

4

கடிதம் சின்னதுதான். "அன்புள்ள கம்சிகா, தயவுசெய்து வயலுக்குக் குப்பை போடாதே. வயலுக்கு நோகும், அது அழும். உன் அப்பாவுக்கும் சொல்." நான் இதைத் தமிழில் அழகாக எழுதி, வாளிப் படத்தையும் சேர்த்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். செய்தியில் இரண்டு நீலக்கோடு விழுந்தது. 

மறுநாள் மத்தியானம் குசினியில் நான் கரட் வெட்டிக்கொண்டிருக்க ரவி போன் எடுத்தான்.

"மச்சான், அங்க ஏதும் புதுச்சட்டமோ?"

"என்ன சட்டம்?"

"இல்லை, ஒருக்கா அரசாங்க ஆக்கள் உரத்தைப் போடாதையுங்கோ, குப்பையைப் போடுங்கோ எண்டு நிப்பாட்டினாங்கள். அந்தப் போகம் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். இப்ப வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் குப்பையும் போடாதையெண்டு எழுதியிருக்கு. அப்ப காலபோக விதைப்புக்கு நான் என்னத்தைப் போடுறது? திருநீறோ?"

கத்தியைக் கீழே வைத்தேன்.

"மச்சான், குப்பையெண்டா... மாட்டுக்குப்பையோ?"

"வேற என்ன குப்பை வயலுக்குப் போடுறது? உனக்கென்ன, மறந்துபோச்சே?" ரவி சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் குரல் மாறிவிட்டது. "பிள்ளை நேற்றையில இருந்து கடகத்தைத் தொடுறாளில்லை. கத்தரிக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வா எண்டா, வயல் அழுமாம் எண்டு நிக்கிறாள். மீராவுக்கு எங்களைப் பிடிக்காதோ எண்டு தாயைக் கேட்டவளாம்."

சாணியும் வைக்கோலும் இலைகுழையும் உக்கிக் கிடப்பதைத்தான் எங்கள் பக்கம் குப்பை என்கிறார்கள். மாட்டுக்குப்பை, ஆட்டுக்குப்பை, கோழிக்குப்பை. குப்பை போட்ட வயல் என்றால் கவனித்துச் செய்த வயல் என்று அர்த்தம். அந்த மாட்டுப்பட்டியடியில் விழுந்து எழும்பி வளர்ந்தவன் நான். என்னை யாராவது அகராதியில் பார்க்கச் சொல்லியிருந்தால் அவமானப்பட்டிருப்பேன். பத்தொன்பது வருடமாக வாசலில் கட்டிவைத்த பைகள் அந்தச் சொல்லின் மற்றப் பாதியை என் வாயிலிருந்து எடுத்துப் போய்விட்டன. நான் அதைக் கவனிக்கவேயில்லை.

5

அடுத்தநாள் ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கெல்லர் ரீச்சர் ஐம்பது வயதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுவார், நான் பிழையாகப் பேசினால் விளங்காத மாதிரிக் காட்டமாட்டார். குப்பை என்று நான் எழுதியது குப்பையில்லை என்று தொடங்கினேன். அது மாட்டிலிருந்து வருவது, வைக்கோலோடு சேர்வது, குவித்து வைப்பது, மணப்பது என்று கையாலும் மூக்காலும் விளக்கினேன்.

"ஆ, மிஸ்ட்!" என்றார் ரீச்சர்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏனென்றால் மிஸ்ட் என்பது எங்கள் வீட்டில் தடைசெய்யப்பட்ட சொல். பென்சில் முனை உடைந்தால் மீரா அதைச் சொல்வாள். பஸ் தவறினாலும் சொல்வாள். நல்ல பிள்ளைகள் அப்படிச் சொல்வதில்லை என்று இரண்டு வருடமாக அதட்டிக்கொண்டிருக்கிறேன். அது இந்த நாட்டில் எருவுக்குப் பெயர் என்று எனக்குத் தெரியாது. வசவாக மட்டும்தான் தெரியும்.

ரீச்சர் சிரித்துக்கொண்டேயிருந்தார். அவருடைய பாட்டனும் மாடு வைத்திருந்தவராம். வீட்டுக்கு முன்னால் மிஸ்ட் குவியல் எவ்வளவு உயரமோ அவ்வளவு மதிப்பாம் ஊருக்குள். பிறகு சுவருக்குப் போய்க் கம்சிகாவின் முதல் பதிலைச் சுற்றியிருந்த முகில்களை நகத்தால் சுரண்டி எடுத்தார். "அப்படியென்றால் இவர்கள் இயற்கை விவசாயிகள்!" என்று அந்த இடத்தில் தன் கையாலேயே பெரிய நட்சத்திரம் ஒன்றை ஒட்டினார். ஒரு நிமிசத்தில் ரவி பாவியிலிருந்து மகான் ஆகிவிட்டான். யூரியா கிடைத்தால் அவன் ஒரு பையையும் விடமாட்டான் என்பதை நான் சொல்லவில்லை. யானைப் பதிலின் முகில்கள் அப்படியே இருந்தன. ஒட்டுசுட்டான் யானைக்கு இந்த வகுப்பில் நண்பர்கள் அதிகம், அதோடு அது முறிக்க இங்கே வாழைத்தோட்டமும் இல்லை.

"வேறு ஏதாவது மொழிபெயர்ப்புப் பிழை இருக்கிறதா?" என்று ரீச்சர் கேட்டார்.

மூன்றாவது பதிலைப் பார்த்தேன். தெரியாத எதையும் தொடக்கூடாது. பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அங்கே விட்டுப்போயிருந்த சொல் எனக்கு இரண்டு மொழியிலும் தெரியும். மரத்தோடு பேசுகிற பிள்ளைகளின் சுவரில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கம்சிகாவுக்குக் கிடைத்த நட்சத்திரத்தைப் பறிக்கவும் மனம் வரவில்லை.

"இல்லை" என்றேன்.

6

வகுப்பு கம்சிகாவிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ரீச்சர் முடிவு செய்தார். எங்களுக்குக் காலை பத்து மணி, அவர்களுக்கு மத்தியானம் ஒன்றரை. பெரிய திரையில் கம்சிகா வந்தாள். பள்ளிக்கூடச் சட்டையோடு, தலைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னலோடு இருந்தாள். பின்னால் தங்கச்சியின் கை மட்டும் தெரிந்தது. பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். மீரா கடைசி வரிசையில், என்னையும் திரையையும் பார்க்காமல் இருந்தாள். நான் நடுவில் ஒரு சின்னக் கதிரையில், இரண்டு பக்கத்துக்கும் பேசுகிற ஆளாக.

எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டார்கள். கம்சிகா தலையாட்டினாள். பிறகு ஒரு பிள்ளை கையை உயர்த்தி, பிளாஸ்டிக்கை என்ன செய்வீர்கள் என்று கேட்டது.

"பொலித்தீனோ? அது வளவுக்குப் பின்னால கிடங்கு வெட்டி எரிக்கிறது" என்றாள் கம்சிகா.

ரீச்சரின் நட்சத்திரத்தின் பசை இன்னும் காய்ந்திருக்காது. நாக்கில் இரண்டு மூன்று நாகரிகமான சொற்கள் வந்து வரிசையில் நின்றன. ஒருமுறை பட்டது போதும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிள்ளைகள் சுவரில் இருந்த நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்கள் உங்கட பொலித்தீனை என்ன செய்யிறனீங்கள்?" என்று கம்சிகா கேட்டாள்.

பையில் போடுவோம் என்றார்கள். பிறகு? லொறி வந்து எடுக்கும். பிறகு? ஒருவருக்கும் தெரியவில்லை. பிரித்துப் போடுவதில் இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள் லொறி திரும்புகிற முடக்குவரைக்கும்தான் போயிருக்கிறார்கள். கடைசியில் ஒரு பெண்பிள்ளை, தன் அம்மா லொறி போகிற இடத்தில்தான் வேலை செய்கிறா, பையில் போனதையெல்லாம் எரிக்கிறார்கள் என்றது. எல்லோரும் ரீச்சரைப் பார்த்தார்கள். உண்மைதான், ஆனால் புகையை வடிகட்டித்தான் வெளியே விடுகிறார்கள் என்றார் ரீச்சர். அதையும் சொன்னேன்.

"என்னத்தால வடிக்கிறது? தேத்தண்ணி வடியாலயோ?" என்றாள் கம்சிகா. "அப்ப உங்களுக்கும் கிடங்கு இருக்கு, என்ன?"

நான் வாய் திறக்க முன்னர் கடைசி வரிசையிலிருந்து தமிழில் பதில் வந்தது.

"பெரிய கிடங்கு. எங்களுக்குக் காட்டேல்ல."

மீரா எழுந்து முன்னால் வந்தாள். திரைக்குக் கிட்டப் போய் நின்றாள். "கம்சிகா, உன்ர படத்தில நான் முகில் ஒட்டினது" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

"என்ன முகில்? மழை முகிலோ?"

"கறுப்பு மாதிரி. கூடாத முகில்."

"மழை முகில் கூடாதோ? இஞ்ச மழையே காணேல்ல, குளம் வத்திப்போச்சு. நல்ல முகில்தானே, இன்னும் ரெண்டு ஒட்டு."

மீரா கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு சிரித்தும்விட்டாள். என்ன பேசுகிறார்கள் என்று ரீச்சர் கண்ணால் கேட்டார். காலநிலை பற்றி என்றேன்.

"நான் ஆடியில வாறன்" என்றாள் மீரா.  "மாடு என்னை இடிக்குமா?"

"இடியாது. புது ஆக்களைக் கண்டா வெருளும். ரெண்டு மூண்டு நாள் நிண்டாப் பழகியிடும்."

"அப்பா என்னோட வருவார். அப்பாவுக்கு மாடு தெரியும். அவர் அங்கத்த ஆள்."

கம்சிகா என்னைப் பார்த்தாள். நான் ஊரைவிட்டு வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளை. அதுவரைக்கும் திரையில் என் தலையை மட்டும் கண்டவள்.

"மாமாவும் புது ஆள்தானே" என்றாள். "ரெண்டு பேரும் எனக்குப் பின்னால வாங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

முத்தையன்கட்டுத் தண்ணீரில் வளர்ந்தவன் நான், நீ நிற்கிற வளவில் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கம்சிகா என்ன சொன்னாள் என்று ரீச்சர் கேட்டார். ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் சொன்னேன்.